மலைக்கு இந்தப் பக்கம் ஒரு பொய்

வணக்கம் அண்ணே,

கம்பத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். கேரளத்து வண்டிப்பெரியாறு தேயிலை எஸ்டேட்டில் கழிந்த உங்கள் சின்ன வயசைப் பற்றி நீங்கள் எழுதியதை என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். பன்னிரண்டு வயசு. முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப இன்ஸ்டாகிராம் இருந்திருந்தா அன்னைக்கே போட்டிருப்பாரு, இப்ப உட்கார்ந்து எழுதிக்கிட்டிருக்க மாட்டாரு" என்றாள். அவளுக்கும் ஒரு கணக்கு வேண்டுமாம், மூன்று மாதமாகச் சண்டை. அவள் சொன்னது சரிதானா அண்ணே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

கட்டாயம் போட்டிருப்பேன். பெயர் வெளியே தெரிய வேண்டும் என்ற வெறி போன் வந்த பிறகு வந்ததில்லை. 1985இல் எனக்கும் பன்னிரண்டு வயசு. திருநெல்வேலி வானொலியின் நேயர் விருப்பத்துக்கு வாரம் ஒரு பதினைந்து காசு கார்டு போடுவேன். பாட்டு எதுவாக இருந்தாலும் சரி, "வண்டிப்பெரியாறு" என்று சொல்லி என் பெயரைச் சொன்னால் போதும்.

எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு லயம் என்று பெயர். எங்கள் லயத்தில் ஆறு வீடு, ஒரே ஒரு ரேடியோ. அது கங்காணி வீட்டில் இருந்தது. பேட்டரி சோர்ந்தால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவார்கள். ஆடி மாதம் வண்டிப்பெரியாற்றில் வெயிலுக்கு எங்கே போக? என் பெயர் வந்ததாகச் சொல்லப்படும் அன்று ரேடியோ கரகரவென்று இழுத்துப் படுத்துவிட்டது. மேல் லயத்துப் பாட்டி ஒருத்தி மட்டும் மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில், "உன் பேரு சொன்னாகடா" என்றாள். சாட்சி அவ்வளவுதான். அழுதுவிடுவேன் என்று பார்த்துச் சொன்னாளோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் அந்த ஒரு வாரம் நான் நடந்த நடையே வேறு.

சரி, போன் இருந்திருந்தால் என்ன போயிருக்கும்? எனக்கு முதலில் தோன்றுவது என் பொய்கள்.

முழுப் பரீட்சை விடுமுறைக்குக் கம்பத்தில் மாமா வீட்டுக்கு வருவேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம், எங்கள் லயத்துக் குழாயடியில் தேக்கடிப் புலி வந்து தண்ணீர் குடிக்கும் என்று சொல்லியிருக்கிறேன். புலிகள் காப்பகம் பக்கத்தில் இருந்தது உண்மை. நான் பார்த்ததென்னவோ மலையணில்தான். ஜூனில் திரும்பிப் போனதும் வகுப்புப் பையன்களிடம், கம்பத்தில் என் மாமாவுக்கு ஒரு தியேட்டர் சொந்தம் என்பேன். மாமா அங்கே சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே நாற்பது கிலோமீட்டர்கூட இருக்காது. ஆனால் குமுளி மலைப்பாதை என் இரண்டு பொய்களையும் ஒன்றையொன்று பார்க்கவிடாமல் வைத்திருந்தது. கம்பத்தில் நான் மலையாளத்தான். மேலே, தமிழன் என்பதால், நான் பாண்டி. இரண்டுமே வசவுதான். ஆனாலும் ஒரு பக்கம் பட்டதை அடுத்த பக்கம் போய் மறக்க முடிந்தது. இன்று அந்தப் பையனுக்கு இரண்டு ஊருக்கும் ஒரே இன்ஸ்டாகிராம் பக்கம், அதில் இரண்டு ஊர்க்காரர்களும் இருப்பார்கள்.

இன்னொன்று, அந்தச் சுதந்திர தினப் பேச்சு. நாலாவது வரை தமிழில் படித்துவிட்டு மலையாளப் பள்ளிக்கு மாறிய புதிது. மலையாளத்தில் 'ப' நான்கு. என் வாயில் நான்கும் ஒன்றாகத்தான் வந்தன. முதல் வரியில் "பாரதம்" வந்ததுமே பின்வரிசை சிரித்தது. மூன்றாவது வரியில் தலைமையாசிரியரும் சிரித்தார். இறங்கி ஓடி, பள்ளிக்குப் பின்னால் தேயிலைக்குள் உட்கார்ந்திருந்தேன். ஒரு வாரம் கேலி. அப்புறம் ஒரு பையன் யூனிஃபார்மோடு ஓடையில் விழுந்தான், என்னை விட்டுவிட்டார்கள். அதை ஒருவன் படம் பிடித்திருந்தால், என் கல்யாணப் பந்தியில்கூட ஓடியிருக்கும்.

நஷ்டக் கணக்கை மறைக்கக் கூடாது. எஸ்டேட்டில் வீடு வேலையோடு சேர்ந்தது. அப்பா அம்மா ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்படித்தான் என் கூட்டாளி ஒருத்தி ஒரு காலையில் பாத்திர மூட்டைகளுக்கு நடுவே ஜீப்பில் உட்கார்ந்து போனாள். சங்கரன்கோவில் பக்கம் என்பது மட்டும் தெரியும். முகவரி கேட்கத் தோன்றவில்லை. ஃபேஸ்புக் வந்த புதிதில் எத்தனையோ இரவு தேடியிருக்கிறேன். அவளுக்காக மட்டும் அந்தக் காலத்தில் ஒரு போன் இருந்திருக்கலாம் என்று தோன்றும்.

உங்கள் சண்டையில் நான் நடுவராக இருக்க முடியாது. பதின்மூன்று வயசு ஆகாதவர்களை இன்ஸ்டாகிராமே சேர்ப்பதில்லை. இப்போது சேர்ந்தால் வயசைக் கூட்டிப் போட்டுத்தான் சேர வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2025 டிசம்பரிலிருந்து பதினாறு. இன்ஸ்டாகிராமின் விதியைக் காட்டி ஒரு வருடம் தள்ளலாம், அதற்கு மேல் உங்கள் சாமர்த்தியம்.

போன வருடம் எங்கள் வகுப்புக்கு ஒருவன் வாட்ஸ்அப் குழு தொடங்கினான். பயந்துகொண்டே சேர்ந்தேன். இரண்டு நாள் பொறுத்து, "என் சுதந்திர தினப் பேச்சு யாருக்காவது ஞாபகம் இருக்கா?" என்று நானே கேட்டேன். ஒருவனுக்கும் இல்லை. கோட்டயத்தில் இருக்கிறவன் மட்டும் குரல் செய்தி அனுப்பினான், தமிழிலேயே: "அதை விடுடா, கம்பத்துல உங்க மாமா தியேட்டர் இன்னும் ஓடுதா?"

இன்னும் பதில் போடவில்லை.