3 வயதுக் குழந்தைக்கு மாதக்கணக்கில் மலச்சிக்கல். பழம், கீரை, தண்ணீர் எதற்கும் சரியாகவில்லை. என்ன செய்வது?

நீங்கள் எழுதியிருப்பது இது: மகனுக்கு 3 வயது. நான்கைந்து நாளுக்கு ஒரு முறைதான் ஆய் போகிறான், போகும்போது அலறுகிறான். வாழைப்பழம், உலர்திராட்சை ஊறவைத்த தண்ணீர், கீரை எல்லாம் கொடுத்தாயிற்று. டாக்டர் எழுதிய சிரப்பை ஒரு வாரம் கொடுத்தால் சரியாகிறது, நிறுத்தினால் பழையபடி ஆகிவிடுகிறது. இந்தக் கடைசி வரியில்தான் முடிச்சு இருக்கிறது.

நான் டாக்டர் இல்லை, இதே பாடு பட்ட ஒரு அப்பா. என் மகளுக்கு இரண்டரை வயதில் தொடங்கி யூகேஜி வரை இழுத்தது. எங்கள் குழந்தைகள் மருத்துவரும், அவர் அனுப்பிவைத்த குடல் நிபுணரும் சொன்னதையும், வீட்டில் பார்த்ததையும் எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் எழுதப் போவதில்லை. அது குழந்தையின் எடையைப் பார்த்து டாக்டர் சொல்ல வேண்டியது.

முதலில், ஆய் வரும் நேரத்தில் உங்கள் மகன் என்ன செய்கிறான் என்று கவனியுங்கள். என் மகள் கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலை உயர்த்தி, முகம் சிவக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு விறைத்து நிற்பாள். "பிள்ளை முக்கு முக்குன்னு முக்குது, வர மாட்டேங்குதே" என்று ஆச்சி (என் மாமியார், எங்களுக்குத் திருநெல்வேலி) கண்கலங்குவார். நாங்கள் செல்போனில் எடுத்துப்போன வீடியோவைப் பார்த்த நிபுணர், "முக்குற பிள்ளை குந்தி உட்காரும் சார். இவ காலை ஒட்டி வச்சு நிக்கிறா பாருங்க, அடக்குறா" என்றார். அதன்பிறகு அதே காட்சி எங்கள் கண்ணுக்கே வேறு மாதிரித் தெரிந்தது. உங்கள் வீட்டிலும் ஒரு வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் அறையில் எந்தக் குழந்தையும் அதைச் செய்து காட்டாது.

ஏன் அடக்குகிறார்கள்? எப்போதோ ஒரு நாள் ஆய் இறுகிப்போய் வலித்திருக்கும். காய்ச்சலில் சரியாகச் சாப்பிடாமல் இருந்திருக்கலாம், ஊருக்குப் போன இடத்தில் கழிவறை பிடிக்காமல் போயிருக்கலாம், டயப்பரை நிறுத்தப் போராடிய சமயமாக இருக்கலாம். வலி குழந்தைக்கு நினைவிருக்கும். அடுத்த முறை உந்துதல் வந்ததும் இறுக்கிக்கொள்ளும். பெருங்குடலின் வேலையே தண்ணீரை உறிஞ்சுவதுதான். மலம் எத்தனை நாள் உள்ளே கிடக்கிறதோ அத்தனைக்கு வறண்டு, பருத்து, கெட்டிப்படும். அது வெளியே வரும்போது ஆசனவாயில் வெடிப்பு விழும், சில நேரம் ரத்தம் கோடாக ஒட்டியிருக்கும். வலி கூடும், குழந்தை இன்னும் அடக்கும். மாதக்கணக்கில் இப்படியே போனால் மலக்குடல் விரிந்து தொய்ந்துவிடுகிறது. நிறைந்துவிட்டது என்ற உணர்வே மங்கிப் போகிறது. குழந்தைகளின் மலச்சிக்கலில் 10க்கு 9க்கும் மேல் இந்த வகைதான், பின்னால் வேறு நோய் எதுவும் இருப்பதில்லை.

இப்போது உங்கள் ஒரு வார சிரப்புக்கு வருவோம். அந்த ஒரு வாரம் ஆய் இளகி வந்தது, சரி. ஆனால் விரிந்த குடல் ஒரு வாரத்தில் சுருங்காது, பயமும் ஒரு வாரத்தில் போகாது. மருந்தை நிறுத்தியதும் மீண்டும் ஒரு கெட்டி ஆய், மீண்டும் அலறல். "ஆமா, வலிக்கத்தான் செய்யும்" என்று குழந்தைக்கு உறுதியாகிவிடும். ஆய் என்றாலே வலி என்பதை அது மறக்கும் அளவுக்கு நீண்ட காலம் வலியில்லாமல் போக வைக்க வேண்டும். என் அனுபவத்தில் மற்ற எல்லாமே இதற்குத் துணை வேலைதான்.

மருத்துவர்கள் இதை இரண்டு கட்டமாகச் செய்கிறார்கள். முதலில், உள்ளே அடைத்துக் கிடப்பதை மொத்தமாக வெளியேற்றுவது. மருந்தை அதிக அளவில் சில நாட்கள், வழக்கமாக 3 முதல் 6 நாள் கொடுப்பார்கள். அந்த நாட்களில் வெளியே எங்கும் போக முடியாது, ஜட்டியும் பாயும் துவைத்தே கை ஓய்ந்துவிடும். அதனால் வீட்டில் இரண்டு பேர் இருக்கும் வாரமாகப் பார்த்துத் தொடங்குங்கள். பிறகு குறைந்த அளவில் தினமும் தொடர்ந்து கொடுப்பது. 2014இல் வந்த ஐரோப்பிய-வட அமெரிக்க வழிகாட்டுதல், தொடர் மருந்து குறைந்தது 2 மாதம் வேண்டும் என்கிறது. தொல்லை எல்லாம் நின்று ஒரு மாதமாவது ஆன பிறகே, அதுவும் படிப்படியாகத்தான் குறைக்கச் சொல்கிறது. 2 மாதம் என்பது குறைந்தபட்சம், அவ்வளவுதான். நிபுணரிடம் அனுப்பப்படும் குழந்தைகளில் சுமார் பாதிப் பேர்தான் 6 முதல் 12 மாதத்துக்குள் மருந்தில்லாத நிலைக்கு வருகிறார்கள். இதை முதல் நாளே யாராவது சொல்லிவிட்டால் பெற்றோருக்கு வீண் ஏமாற்றம் இருக்காது.

மருந்து என்றால் பெரும்பாலும் இரண்டுதான்: தண்ணீரில் கலக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடி, இல்லையென்றால் லாக்டுலோஸ் சிரப். ஒரு வயதுக்கு மேல் முதல் தேர்வு பொடி. லாக்டுலோஸ் தித்திப்பாக இருக்கும், சில குழந்தைகளுக்கு வயிறு உப்பிக் காற்றுப் பிரியும். இரண்டுமே குடலுக்குள் தண்ணீரைப் பிடித்து வைத்து மலத்தை இளக்குபவை. "தினமும் கொடுத்தா பழகிடும், அப்புறம் தானா போகவே போகாது" என்று உங்களுக்கும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். இந்த மருந்துகளால் குடல் சோம்பேறி ஆவதில்லை. சோம்பேறி ஆக்குவது உள்ளே தேங்கிக் கிடக்கும் மலம்தான். இன்னொரு எச்சரிக்கை: கொலோனோஸ்கோபிக்கு (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) முன்னால் வயிற்றைச் சுத்தம் செய்யத் தரும் பெரிய பாக்கெட்டிலும் இதே பொருள்தான் உப்புகளோடு கலந்து இருக்கும். மருந்துக்கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கிவிடாதீர்கள், சீட்டைக் காட்டி வாங்குங்கள்.

ஜட்டியில் கறை பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். உள்ளே கெட்டி மலம் அடைத்திருக்கும்போது, மேலிருந்து வரும் இளகிய மலம் ஓரமாக வழிந்து ஜட்டியில் படும். குழந்தைக்கே தெரியாது. வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்தை நிறுத்துவார்கள், அல்லது "இத்தனை பெரிய பிள்ளை ஜட்டியிலேயே போறியே" என்று திட்டுவார்கள். முதல் வேலை அடைப்பைக் கூட்டும், இரண்டாவது பயத்தைக் கூட்டும். கறை வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

வீட்டு வைத்தியங்களில் எனக்குக் கோபம் வருவது விளக்கெண்ணெய், வெற்றிலைக் காம்பு இரண்டின் மேல்தான். விளக்கெண்ணெய் குடலைத் தூண்டிப் பிழிந்து தள்ளும், வயிறு முறுக்கி வலிக்கும். ஏற்கெனவே வலிக்குப் பயந்து அடக்குகிற குழந்தைக்கு அதையா கொடுப்பது? மூக்கைப் பிடித்து ஊற்றும்போது புரையேறி எண்ணெய் நுரையீரலுக்குள் போகும் ஆபத்தும் உண்டு. காம்பையோ சோப்புத் துண்டையோ ஆசனவாயில் வைப்பது, புண்ணாகி இருக்கும் இடத்தை மறுபடி நோண்டுவது. அதன்பிறகு பேன்ட்டைக் கழற்றினாலே குழந்தை அலறும். கிளிசரின் குச்சியும் டாக்டர் சொன்னால் மட்டும்தான். ஆச்சியிடம் நான் வாதாடவில்லை, "நிபுணர் வேண்டாம்னுட்டார் அத்தை" என்று நிபுணர் தலையிலேயே போட்டுவிட்டேன்.

சாப்பாடு விஷயத்தில் நீங்கள் செய்வது தவறில்லை, எதிர்பார்ப்புதான் அதிகம். வயதோடு 5ஐக் கூட்டினால் வருவதுதான் குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டிய நார்ச்சத்து என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. 3 வயதுக்கு 8 கிராம். கொய்யா 100 கிராமில் 5 கிராமுக்குக் குறையாது. மசித்த சுண்டல், அவரைக்காய்ப் பொரியல், கேழ்வரகு அடை, கம்பங்கூழ், பப்பாளி என்று பார்த்தால் நம் சமையலிலேயே இந்த அளவு வந்துவிடும். பேரிக்காயிலும் உலர்ந்த பிளம்ஸிலும் இருக்கும் சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். வாழைப்பழம் நன்றாகக் கனிந்ததாக இருக்கட்டும். ஆனால் இயல்பான அளவுக்கு மேல் நார்ச்சத்தையோ தண்ணீரையோ கூட்டுவதால் அடைப்பு தீர்ந்துவிடாது என்றுதான் வழிகாட்டுதல்களும் சொல்கின்றன. நாள் முழுக்கத் தம்ளரைத் தூக்கிக்கொண்டு குழந்தையின் பின்னால் ஓடவேண்டாம்.

பாலை மட்டும் அளந்து பாருங்கள். எங்கள் வீட்டில் காலையில், மதியத் தூக்கத்துக்கு, இரவு என்று புட்டி புட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. வயிறு பாலில் நிறைந்தால் சோறும் காயும் எங்கே இறங்கும்? அரை லிட்டருக்குள் கொண்டுவாருங்கள், புட்டியை விட்டு டம்ளருக்கு மாற்றுங்கள். அரிதாகச் சில குழந்தைகளுக்குப் பசும்பால் ஒவ்வாமையே காரணமாக இருக்கும். மருந்துக்கு அசையாத மலச்சிக்கல் என்றால், 2 முதல் 4 வாரம் பாலை நிறுத்திப் பார்க்கலாமா என்று டாக்டரே சொல்வார்.

அடுத்து, உட்காரும் பழக்கம். சாப்பிட்டதும் குடல் அசைவது இயற்கை. அதனால் சாப்பிட்டு முடித்துச் சற்று நேரத்தில் 5 முதல் 10 நிமிடம் உட்கார வைக்க வேண்டும். காலையில் பள்ளி வேன் அவசரத்தில் இது நடக்காது, நாங்கள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்துக்கொண்டோம். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் குழந்தை சீட் ஒன்றைப் போட்டு, பாதம் முழுதாக ஊன்றும்படி ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் வையுங்கள். முழங்கால் இடுப்பை விட உயரமாக இருக்க வேண்டும். கால் தொங்கினால் எந்தக் குழந்தையாலும் சரியாக முக்க முடியாது. இந்தியன் டாய்லெட்டில் குந்தும் நிலை இயல்பாகவே நல்லது, ஆனால் அந்தக் குழியைப் பார்த்துப் பயப்படும் குழந்தைகள் உண்டு. அப்படியானால் குழந்தைகளுக்கான பாட்டி (potty) சீட்டே போதும். என் மகளுக்குப் பலூன் கொடுத்து ஊதச் சொல்வோம். ஊதும்போது வயிறு தானாக அழுத்தும், கீழே தளரும். ஸ்டிக்கரோ, கதையோ, பரிசு எதுவானாலும் உட்கார்ந்ததற்குக் கொடுங்கள். ஆய் போனால்தான் பரிசு என்றால், வராத நாளில் அது தண்டனையாகிவிடும். டயப்பரில்தான் போவேன் என்று பிடிவாதம் பிடித்தால் கொஞ்ச நாள் டயப்பரிலேயே போகட்டும். முதலில் வலியில்லாமல் போகட்டும், இடத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பீர்கள் என்பதால் ஒரு வரி: தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, ஆறு வாரத்துக்குப் பிறகு, ஒரு வாரம் வரை போகாமல் இருந்து மெத்தென்று போனால் அது மலச்சிக்கல் இல்லை.

இதுவரை சொன்னது சாதாரண வகைக்கு. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாதது, பிறந்த முதல் மாதத்திலேயே மலச்சிக்கல் தொடங்கியது, பச்சையாக வாந்தி, வயிறு பானை மாதிரி உப்பல், எடை ஏறாமை, கால்களில் பலவீனம், முதுகின் அடிப்பகுதியில் குழியோ முடிக்கற்றையோ, இவற்றில் எது இருந்தாலும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாத ஹிர்ஷ்ப்ரங் நோய், தைராய்டு குறைவு, தண்டுவடப் பிரச்சினை போன்றவற்றைச் சோதிக்க வேண்டியிருக்கும். ரத்தம் வெடிப்பிலிருந்துதான் வருகிறது என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள், ஒரு முறை காட்டிவிடுங்கள்.

உங்கள் மகன் அடுத்து எல்கேஜி போவான் என்று நினைக்கிறேன். பள்ளிக் கழிவறையை நினைத்தே அடக்கும் குழந்தைகள் நிறைய. கேட்டவுடன் அனுப்ப வேண்டும், மற்ற பிள்ளைகள் முன்னால் இதைப் பேசக்கூடாது என்று மிஸ்ஸிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். ஆயாம்மாவையும் மகனுக்கு ஒரு முறை அறிமுகம் செய்துவிடுங்கள், யாரிடம் கேட்பது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். மருந்தைக் குறைக்கும் வேலையை ஜூனில் பள்ளி திறக்கும் சமயத்தில் வைத்துக்கொள்ளாமல், அவன் அங்கே பழகிய பிறகு டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள்.