டைம் ஆஃப் ஃப்ளைட் கருவி நிறையை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கருவி அயனிகளை (மின்சுமை ஏறிய மூலக்கூறுகளை) வோல்டேஜ் கொடுத்துத் தள்ளி, ஒரு குழாயைக் கடக்க அவை எடுக்கும் நேரத்தை வைத்து நிறையைச் சொல்லும். எல்லா அயனிகளையும் ஒரே வோல்டேஜில் தள்ளினால் எல்லாம் ஒரே வேகத்தில்தானே போகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, மின்சுமை சமமாக இருந்தால் அவற்றுக்குக் கிடைப்பது ஒரே ஆற்றல். அதனால் கனமானது மெதுவாகப் போகும். 20 கிலோவோல்ட்டில் தள்ளிய, ஒற்றை மின்சுமை கொண்ட 1000 டால்டன் (மூலக்கூறுகளின் நிறையை அளக்கும் அலகு) அயனி 1 மீட்டர் வெற்றிடக் குழாயைக் கடக்க சுமார் 16 மைக்ரோசெகண்ட் ஆகும், 4000 டால்டனுக்கு அதைப்போல இரண்டு மடங்கு, ஏனென்றால் நேரம் நிறையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது.

சரி, சிக்கல் எங்கே என்றால், ஒரே நிறையுள்ள அயனிகள்கூடக் கிளம்பும்போது கொஞ்சம் கூடக்குறைய ஆற்றலோடு கிளம்பும், ஒரே நேரத்தில் வந்து சேராது, அதனால் வரைபடத்தில் அந்த நிறையைக் காட்டும் பீக் (முகடு) அகலமாகிவிடும். இதற்குத்தான் ரிஃப்ளெக்ட்ரான். எதிர்த்துத் தள்ளும் மின்புலத்துக்குள் வேகமான அயனி ஆழமாகப் போய்த் திரும்பும், மெதுவானது சீக்கிரமே திரும்பிவிடும், கடைசியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே டிடெக்டரைத் தொடும். 1973இல் சோவியத் இயற்பியலாளர் மமிரினின் குழுவினர் வெளியிட்ட இந்த யோசனை எவ்வளவு அழகானது!

பயன் என்று பார்த்தால், எனக்கு முக்கியமாகப் படுவது மால்டி-டாஃப், அதாவது லேசரால் அயனியாக்கி இந்தக் கருவிக்குள் அனுப்பும் முறை. கல்ச்சரில் வளர்ந்த பாக்டீரியாவைத் துளி எடுத்து, மேட்ரிக்ஸ் (லேசர் ஒளியை உறிஞ்சும் பொருள்) சேர்த்து லேசர் அடித்தால், 2000 முதல் 20,000 டால்டன் வரையிலான புரதங்களின் பீக்குகள் அமைந்திருக்கும் விதத்தை வைத்து இனத்தைச் சில நிமிடங்களில் சொல்லிவிடும். ஆனால் மிக நெருங்கிய பாக்டீரியாக்களான ஈ.கோலையையும் ஷிகெல்லாவையும் பிரித்துச் சொல்ல அதை மட்டும் நம்ப முடியாது.