குடைமிளகாய்க் குடிலில் அசுவினி: குளவியை எப்போது விடுவது?

கேள்வி: ஓசூர் அருகே அரை ஏக்கர் பசுமைக்குடிலில் குடைமிளகாய் நட்டு 60 நாள் ஆகிறது. கொழுந்தெல்லாம் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி. இமிடாகுளோபிரிட் பூச்சிமருந்து இரண்டு முறை தெளித்தேன். பத்தே நாளில் திரும்ப வந்துவிட்டது. நெதர்லாந்தில் குளவிகளை விட்டு அசுவினியைக் கட்டுப்படுத்துகிறார்களாம். இங்கே அது நடக்குமா? எத்தனை குளவி விட வேண்டும்? காய் பறிக்கும் பெண்களைக் கொட்டிவிடாதா?

பதில்: கொட்டாது. இந்தக் குளவியின் நீளமே இரண்டு மில்லிமீட்டர்தான். குடிலுக்குள் பறந்தால் கொசு என்றுகூட நினைக்கத் தோன்றாது. அதன் ஊசி அசுவினிக்குள் முட்டை வைக்க மட்டுமே.

இங்கே நடக்குமா என்றால், நடக்கும். ஆனால் இந்த வாரம் நடக்காது. இரண்டு முறை இமிடாகுளோபிரிட் தெளித்த இலையில் இன்று குளவியை விட்டால் முதலில் சாவது குளவிதான். பைரித்ராய்டு வகை மருந்து ஏதும் அடித்திருந்தால் இன்னும் மோசம். அதன் எச்சம் இரண்டு மூன்று மாதம் வரைகூடக் குளவிகளை விடாது. எத்தனை குளவி என்று கணக்குப் போடுவதற்கு முன், தெளிப்புப் பதிவேட்டை எடுத்துக் கடைசியாக எதை, என்றைக்கு அடித்தீர்கள் என்று பாருங்கள்.

பத்து நாளில் அசுவினி ஏன் திரும்பியது? மிளகாயைத் தாக்கும் அசுவினிகளில் முக்கியமானவை இரண்டு: மைசஸ் பெர்சிகே, ஏஃபிஸ் காசிப்பி. இரண்டுமே நம் தட்பவெப்பத்தில் ஆண் துணையின்றிக் குட்டி போடுபவை. பிறந்த குட்டி ஒரு வாரத்தில் தானும் குட்டி போடத் தொடங்கிவிடும். கொழுந்தின் மடிப்பில் மருந்து படாமல் பத்து அசுவினி தப்பினாலே போதும். இவற்றில் பல கூட்டங்கள் இமிடாகுளோபிரிடுக்கு எதிர்ப்புத்திறனும் பெற்றுவிட்டன. போதாக்குறைக்கு, நீங்கள் கட்டியிருக்கும் வலை அசுவினியின் எதிரிகளைத்தான் வெளியே நிறுத்துகிறது. அசுவினி நாற்றோடும் ஆட்களின் துணியோடும் உள்ளே வந்துவிடுகிறது. பொறிவண்டும் குளவியும் அப்படி வருவதில்லை.

நெதர்லாந்தில் விடுவது பெரும்பாலும் அஃபிடியஸ் கோலமானி என்ற குளவி. மேலே சொன்ன இரண்டு சிறிய அசுவினிகளுக்கும் பொருத்தமானது. பெண் குளவி அசுவினியின் எதிரே வந்து நின்று, வயிற்றைத் தன் கால்களுக்கு இடையே முன்பக்கமாக வளைத்து, நொடிப்பொழுதில் ஒரு முட்டையைச் செலுத்திவிட்டு அடுத்ததற்கு நகரும். தன் வாழ்நாளில் நூறு முதல் முந்நூறு முட்டை வரை வைக்கும். குத்துப்பட்ட அசுவினி சில நாள் சாறு உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கும். பிறகு உடல் ஊதி, வறுத்த எள்ளின் நிறத்துக்கு மாறி, இலையோடு ஒட்டிக் காகிதம்போல் காய்ந்துவிடும். இதை மம்மி என்கிறோம். அதன் முதுகில் வட்டமாக ஒரு மூடியை அறுத்துத் திறந்துகொண்டு புதுக் குளவி வெளிவரும். முட்டையிலிருந்து இதுவரை 21 டிகிரி வெப்பத்தில் சுமார் இரண்டு வாரம்.

இந்த இரண்டு வாரத்தை மனதில் வையுங்கள். அசுவினிக்கு ஒரு வாரம், குளவிக்கு இரண்டு வாரம். எண்ணிக்கையில் அசுவினி ஏற்கெனவே முந்திவிட்ட குடிலில் குளவியால் துரத்திப் பிடிக்க முடியாது. அதனால்தான் அங்கே நட்ட சில நாட்களிலேயே, அசுவினி கண்ணில் படாதபோதே, நான்கு சதுர மீட்டருக்கு ஒன்று என்ற அளவில் வாரந்தோறும் விடுகிறார்கள். உங்கள் குடில் சுமார் 2,000 சதுர மீட்டர். வாரம் 500 குளவி ஆகிறது. அசுவினி தெரிய ஆரம்பித்த பின் சதுர மீட்டருக்கு ஒன்று வரை, வாரம் 2,000 குளவி, குறைந்தது மூன்று வாரம் விட வேண்டியிருக்கும். கொழுந்து சுருண்டு, காயில் தேன்கசிவு (அசுவினியின் இனிப்பான கழிவு) பளபளத்து, கரும்பூஞ்சணம் படர்ந்துவிட்டால் எந்த எண்ணிக்கையும் போதாது.

எங்கே கிடைக்கும்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ‘ஒட்டுண்ணி அட்டை’ (ஒட்டுண்ணிக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டிய காகித அட்டை) என்று கேட்டால் உங்களுக்குக் கிடைப்பது டிரைக்கோகிரம்மா. அது அந்துப்பூச்சிகளின் முட்டையைத் தாக்கும் குளவி. காய்ப்புழுவுக்கும் தண்டுத்துளைப்பானுக்கும் நல்லது, அசுவினியை ஏறெடுத்தும் பார்க்காது. தயவுசெய்து அசுவினிக்காக அதை வாங்காதீர்கள். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வரவழைக்கலாம் என்ற எண்ணமும் வேண்டாம். உயிருள்ள பூச்சிகளை இறக்குமதி செய்ய, 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணையின்படி மத்திய அரசின் அனுமதி தேவை. பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் உங்களுக்கு அருகில்தான். இயற்கை எதிரிகளில் எவை இப்போது கைவசம் இருக்கின்றன என்று கேளுங்கள். பச்சைக் கண்ணாடி இறக்கைப் பூச்சியின் முட்டையோ புழுவோ கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். அதன் புழு அசுவினியைக் கவ்வி உறிஞ்சிவிடும். கூட்டம் பெருகிய இடத்தில் குளவியைவிட வேகமாக வேலை செய்யும்.

ஆனால் நான் முதலில் உங்களைச் செய்யச் சொல்வது வேறு. அஃபிடியஸ் இனக் குளவிகள் நம் நாட்டு வயல்களிலேயே இருக்கின்றன. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் ஒரு லென்ஸை எடுத்துக்கொண்டு, மருந்து படாத மிளகாய், கத்தரிச் செடிகளின் இலையைத் திருப்பிப் பாருங்கள். வேலியோரத்துச் செடியாக இருந்தாலும் சரி. பழுப்பு மம்மி தென்பட்டால் உங்கள் குளவி அங்கே இருக்கிறது. அந்த இலையை அப்படியே குடிலுக்குள் கொண்டுபோய் வைத்துவிடாதீர்கள். இலைப்பேனும் சிலந்திப்பேனும் வைரஸும் அதோடு சேர்ந்து வரும். மம்மி இருக்கும் இலைத்துண்டை மட்டும் வெட்டி, கண்ணாடி பாட்டிலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி நிழலில் வையுங்கள். சில நாளில் குளவிகள் வெளிவந்து துணியின் அடியில் ஏறி நிற்கும். அவற்றை மட்டும் மாலை நேரத்தில் அசுவினி உள்ள செடியருகே திறந்துவிடுங்கள்.

திறக்கும் முன் காலி மம்மியை லென்ஸில் பாருங்கள். ஓட்டை வட்டமாக, ஓரம் வழவழப்பாக, சில சமயம் மூடி தொங்கிக்கொண்டு இருந்தால் வந்தது நம் குளவி. கடித்துக் குதறியதுபோல் ஓரம் பிசிறாக இருந்தால், நம் குளவியையே தின்று வளரும் இன்னொரு குளவி வந்திருக்கிறது. அந்த பாட்டிலைத் திறக்கக் கூடாது.

உள்ளூர்க் குளவியா என்று சந்தேகப்பட வேண்டாம். 2002-இல் மகாராஷ்டிரத்தில் வெடித்துத் தென்மாநிலங்களுக்கும் பரவிய கரும்புக் கம்பளி அசுவினியை அடக்கியதில், அசாமிலிருந்து கொண்டுவந்து பரப்பிய என்கார்சியா குளவிக்குப் பெரும் பங்கு உண்டு.

இதற்கிடையில் குடிலுக்குள் அசுவினி மொய்க்கும் நுனிகளைக் கிள்ளிப் பையில் போட்டு வெளியேற்றுங்கள். மீதி இடங்களில் பூச்சிக்கொல்லிச் சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் நனையும்படி, தேவைப்படும் செடிக்கு மட்டும் தெளியுங்கள். அது மேலே பட்ட பூச்சியைக் கொல்லும், காய்ந்தபின் எச்சம் நிற்காது. எறும்பைக் கட்டுப்படுத்துங்கள், தேன்கசிவுக்காக அது குளவியை விரட்டும். சொட்டுநீரில் கொடுக்கும் தழைச்சத்து அளவுக்கு மிஞ்சுகிறதா என்றும் பாருங்கள், இளசான கொழுந்துதான் அசுவினிக்கு விருந்து. குளவி விடும் வாரங்களில் மஞ்சள் ஒட்டும் அட்டைகளைக் குறைத்துவிடுங்கள், குளவியும் அதில் ஒட்டும். தேமல் என்ற வைரஸ் நோய் கண்ட செடியைப் பிடுங்கிவிடுங்கள். அசுவினி வாய் வைத்த சில நொடிகளிலேயே வைரஸைப் பரப்பிவிடுவதால் குளவியால் அதைத் தடுக்க முடியாது.

ஏப்ரல், மே மாதங்களில் குடிலுக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நிற்கும்போது இந்தக் குளவி சோர்ந்துவிடும். ஓசூரில் மழைக்காலமும் பனிக்காலமும்தான் அதற்கு ஏற்றவை. ஆகவே அடுத்த நடவுக்குத் திட்டமிடுங்கள்: நாற்று இறக்கிய முதல் வாரத்திலிருந்தே குடிலின் வெவ்வேறு மூலைகளில் 20 செடிகளில் ரிப்பன் கட்டி, வாரம் ஒருமுறை அசுவினியையும் மம்மியையும் எண்ணி எழுதுங்கள். மம்மியின் எண்ணிக்கை வாரத்துக்கு வாரம் ஏறி, அசுவினி ஏறாமல் நின்றால் தெளிப்பானைத் தொடாதீர்கள். கீழ் இலைகளைக் கழிக்கும்போதும் கவனம் தேவை. மம்மி ஒட்டிய இலைகளை ஒரு வாரம் குடிலுக்குள்ளேயே நிழலில் போட்டு வைத்து, குளவிகள் வெளிவந்த பிறகு அள்ளுங்கள்.