தங்கம் விண்மீனிலிருந்து வந்ததா?

கேள்வி: மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் நகை வேலை செய்கிறேன். நாங்கள் உருக்கும் தங்கம் விண்மீன் வெடிப்பில் உண்டானது என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவு உண்மை. சூரியனைப் போல் ஏறத்தாழ எட்டு மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீனின் மையத்தில் அணுக்கருக்கள் இணைந்து இரும்பு வரை உருவாகின்றன. அதற்கு மேல் இணைவதால் ஆற்றல் கிடைக்காது என்பதால், மையம் தன் எடையாலேயே நொடிப்பொழுதில் உள்ளொடுங்க, வெளி அடுக்குகள் வெடித்துச் சிதறி ஆக்சிஜனையும் சிலிக்கானையும் விண்வெளியில் பரப்புகின்றன. 1987இல் நம் பால்வெளிக்கு அருகிலுள்ள பெரிய மெகல்லன் மேகம் என்ற சிறு விண்மீன் மண்டலத்தில் தெரிந்த வெடிப்பில், கோபால்ட் சிதைந்து இரும்பாவதைக் காமா கதிர்களே காட்டிக்கொடுத்தன. வெடிப்பில் தனிமங்கள் உண்டாகின்றன என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேறென்ன வேண்டும்! தங்கம் உருவாவதற்கோ மின்னூட்டமற்ற அணுத்துகள்களான நியூட்ரான்கள் வெள்ளமாகப் பாய வேண்டும். வெடிப்புக்குப் பின் எஞ்சும் மிக அடர்ந்த மையங்களான நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு மோதும்போது அத்தகைய கனமான தனிமங்கள் பிறப்பதை, 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலைகளும் (வெளியில் பரவும் ஈர்ப்பின் அதிர்வுகள்) தொடர்ந்து வந்த ஒளியும் உணர்த்தின.