கையெழுத்து போட்டுவிட்டால் குறைந்த சம்பளம்தானா?

கேள்வி: தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் 5 வருடமாக வேலை பார்க்கிறேன். பக்கத்து மேசையில் அதே வேலை பார்க்கும் ஆண் ஊழியருக்கு என்னைவிட மாதம் 6,000 ரூபாய் அதிகம். இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தோம். கேட்டால், “சம்மதித்துத்தானே கையெழுத்து போட்டீர்கள்?” என்கிறார் மேலாளர். நான் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: முடியும். உங்களுக்குச் சேர வேண்டிய ஊதியத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கினாலும் அது செல்லாது. ஒரே முதலாளியிடம் ஒரே மாதிரி வேலை செய்பவர்களுக்கு ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளம் நிர்ணயிக்கக் கூடாது. 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்ன இதை இப்போது ஊதியச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. உங்களுக்குச் சமமாக்குகிறேன் என்று அவருடைய சம்பளத்தைக் குறைக்கவும் முடியாது. ஆகவே அவரைப் பகைத்துக்கொள்ள வேண்டியிருக்குமோ என்று தயங்காதீர்கள்.

மேலாளர் சொல்லும் சாக்கு பழையது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் ஸ்டெனோகிராபராக இருந்த ஆட்ரி டி’கோஸ்டா, ஆண் ஸ்டெனோகிராபர்களுக்குக் கிடைத்த சம்பளத்தைக் கேட்டு வழக்காடினார். தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுத்தான் கொடுத்தோம், கம்பெனியின் நிதிநிலையும் சரியில்லை என்றது நிர்வாகம். உச்ச நீதிமன்றம் இரண்டையும் ஏற்கவில்லை. அவர் வேலையை இழந்தது 1977இல். தீர்ப்பு வந்தது 1987இல். பத்து வருடம்! சம்பள பாக்கி கேட்டு தொழிலாளர் துறை அதிகாரியிடம் கொடுக்கும் மனுவை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று இப்போதைய சட்டத்தில் எழுதியிருக்கிறார்கள். ‘முயல வேண்டும்’ என்ற சொல்லைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. முடிக்க வேண்டும் என்று எழுதினால் என்ன?

ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். ‘ஒரே முதலாளி’ என்றேன் அல்லவா? அந்த ஆண் ஊழியர் கம்பெனியின் நேரடி ஊழியராகவும் நீங்கள் ஒப்பந்ததாரர் மூலம் வந்தவராகவும் இருந்தால், “உங்கள் முதலாளி நாங்கள் இல்லை” என்பார்கள். இருவரும் ஒரே கூரையின் கீழ் ஒரே பில்லைப் பார்த்தாலும் இந்த வாதம் வரும். பல இடங்களில் பெண்களை மட்டும் ஒப்பந்தத்தில் எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பணி நியமனக் கடிதத்திலும் பே ஸ்லிப்பிலும் யார் பெயர் இருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ஒப்பந்ததாரர் பெயர் இருந்தால் மனு போடும் முன் தொழிற்சங்க வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். வழக்கே அந்த ஒரு வரியில் தொங்கும்.

அப்புறம், தரகர்கள். லேபர் ஆபீஸ் பக்கம் போனாலே, “பத்து மடங்கு வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு” என்று ஒருவர் வருவார். சேர வேண்டிய பாக்கியைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரச் சட்டத்தில் இடம் உண்டு என்பது உண்மை. ஆனால் எவ்வளவு என்பதை முடிவு செய்பவர் அதிகாரி, தரகர் அல்ல. வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தத் தாளில் ‘எனக்கு எந்த பாக்கியும் இல்லை’ என்று எழுதி முதலாளியிடமே விற்றவர்கள் உண்டு. மனுவை நீங்களே எழுதிக் கொடுக்கலாம். பதிவு பெற்ற தொழிற்சங்கமும் உங்களுக்காகக் கொடுக்கலாம்.

மனு கொடுக்க மூன்று வருடம் என்ற வரம்பு இருப்பதால் தள்ளிப் போடாதீர்கள். முதலில் மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: நீங்கள் செய்யும் வேலைகள், அந்த ஆண் ஊழியர் செய்யும் வேலைகள், சம்பள வித்தியாசம். வாய்ப்பேச்சு வேண்டாம். அவருடைய பே ஸ்லிப் உங்களிடம் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். சம்பளப் பதிவேட்டைக் கொண்டு வரச் சொல்லி உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு; அதை மனுவிலேயே கேளுங்கள்.