பேக்கேஜிங் என்றால் பார்சல் கட்டுவது இல்லை

தக்கலை அம்மாவுக்கு,

பி.இ. மூன்றாம் வருடம் படிக்கிற பிள்ளை ராத்திரி பன்னிரண்டு மணி வரை "பேக்கேஜிங்" பார்க்கிறாள், ஒரு பைசா சம்பளம் இல்லை, யாரோ ஏமாற்றுகிறார்களோ என்று கேட்டிருந்தீர்கள். பார்சல் கம்பெனி வேலை என்று நீங்கள் நினைத்துவிட்டது படிக்கும்போதே புரிந்தது. சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். மகளிடமும் போனில் பேசினேன். அவள் வேலை செய்வது டெபியன் என்கிற லினக்ஸ் இயங்குதளத்துக்கு. 1993இல் தொடங்கியது, பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்துவது. 2023இல் அவர்களுடைய ஆண்டு மாநாடு நம் பக்கத்துக் கொச்சியில்தான் நடந்தது. ஏமாற்று இல்லை.

சரி, வேலை என்ன? யாரோ எழுதிய மென்பொருளை டெபியன் உள்ள கணினிகளில் நிறுவும்படி ஒரு தொகுப்பாகக் கட்டித் தருவதுதான் பேக்கேஜிங். கல்யாணத்துக்குச் சமையல்காரர் சாமான் லிஸ்ட் எழுதித் தருவார், நாம் கோட்டாறில் போய் வாங்கி வருவோம். அவருடைய சொந்த அடுக்களையில் பெருங்காயம் எப்போதும் இருக்கும், அதனால் லிஸ்டில் எழுத மறந்திருப்பார். மண்டபத்தில் பருப்பு வெந்த பிறகுதான் ஓட்டம் பிடிக்க வேண்டும். மென்பொருளிலும் இதே கதைதான். எழுதியவர் கணினியில் தேவையானதெல்லாம் முன்பே கிடக்கும், எழுதிய நிரல் அங்கே ஒழுங்காக ஓடும் மென்பொருளாக உருவாகும். இப்படி உருவாக்குவதைத்தான் பில்டு என்பார்கள். அடுத்தவர் கணினியில் பாதியில் நின்றுவிடும்.

உங்கள் மகள் அந்த லிஸ்டைத்தான் சரிபார்க்கிறாள். அதற்கு "பில்டு-டிபெண்ட்ஸ்" என்று பெயர். "எஸ்பில்டு" என்று ஒரு கருவி உண்டு. அடிப்படைப் பாத்திரம் மட்டும் உள்ள ஓர் அடுக்களையை அது ஒவ்வொரு முறையும் புதிதாக அமைத்து, லிஸ்டில் உள்ளதை மட்டும் இறக்கிச் சமைத்துப் பார்க்கும். அன்று நள்ளிரவு வரை அவளைப் பாடுபடுத்தியது "பி.கே.ஜி-கான்ஃபிக்" என்ற ஒரே ஒரு சின்னக் கருவியின் பெயர். அவள் கணினியில் அது இருந்தது, லிஸ்டில் இல்லை.

இதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள் என்பீர்கள். இரண்டு சம்பவம் சொல்கிறேன். 2016இல் 11 வரி மட்டுமே உள்ள ஒரு சின்ன நிரலை எழுதியவர் இணையத்திலிருந்து எடுத்துவிட, அதை நம்பியிருந்த எத்தனையோ மென்பொருள்கள் உருவாகாமல் நின்றன. 2024இல் நடந்தது அதைவிட மோசம். எக்ஸ்இசட் என்ற, கோப்புகளின் அளவைச் சுருக்கும் சாதாரணக் கருவிக்குள் யாரோ திருட்டு வாசல் வைத்துவிட்டார்கள். அதைத் திறந்துவிடும் துண்டு எல்லோரும் படிக்கிற மூலநிரலில் இல்லை, வெளியிட்ட தொகுப்பின் பில்டு கோப்பில் ஒளிந்திருந்தது. கணினிக்குள் உள்நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் நோண்டிப் பார்த்ததால்தான் பிடிபட்டது. இப்போது உங்கள் மென்பொருளுக்குள் என்னென்ன இருக்கிறது, பட்டியல் கொடுங்கள் என்று வாங்குகிறவர்கள் கேட்கிறார்கள். கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் நம் அரசின் செர்ட்-இன் அமைப்பும் 2024இல் அதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. இந்தப் பட்டியலைப் படித்துப் புரிந்துகொள்கிற ஆள் தேவை. பில்டு இன்ஜினியர், ரிலீஸ் இன்ஜினியர், டெவ்ஆப்ஸ் என்று வேலைக்குப் பல பெயர் உண்டு.

ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் இதைப் பற்றி ஒருவரும் கேட்காமல் போகலாம். அரியர் இருந்தால் உள்ளேயே விடமாட்டார்கள், அதனால் செமஸ்டர் பாடம்தான் முதலில். பதினொரு மணிக்கு லேப்டாப்பை மூடச் சொல்லுங்கள். பிழை காலையிலும் அங்கேயேதான் இருக்கும். புதிது புதிதாக ஆரம்பிப்பதைவிட, பராமரிக்க ஆளில்லாமல் கைவிடப்பட்ட தொகுப்பு ஒன்றை எடுத்து ஒரு வருடம் பார்க்கட்டும். உதவித்தொகை வேண்டுமானால் கூகுள் சம்மர் ஆஃப் கோடு என்ற திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். டெபியன் அதில் பல வருடம் பங்கெடுத்திருக்கிறது.

முன்பு ஒரு பயிற்சி மையத்தை நம்பி மாணவர்களை அனுப்பி நான் சூடுபட்டிருக்கிறேன். பணம் கட்டினார்கள், கணினியைத் தொடாமலே இன்டர்ன்ஷிப் சான்றிதழோடு திரும்பினார்கள். இங்கே அப்படி நடக்காது. புதியவர்கள் நேரடியாகப் பதிவேற்ற முடியாது. அனுபவமுள்ள ஒருவர் பார்த்து, குறை சொல்லித் திருப்பி அனுப்பி, திருத்திய பிறகே ஏற்றுவார். ஏறிய பிறகு மாற்றப் பதிவேட்டில் அவள் பெயரும் தேதியும் யாரும் பார்க்கும்படி நிற்கும்.

அவள் தொகுப்பு இரண்டு முறை திரும்பி வந்ததாமே, அதை உங்களிடம் சொல்லவில்லை போலிருக்கிறது. திட்டாதீர்கள். சனிக்கிழமை நாகர்கோவில் வரும்போது அந்த இரண்டு பதில் மின்னஞ்சலையும் அச்செடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். மார்க் ஷீட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.