"விசா முடிஞ்சாலும் தங்கிக்கலாம்" என்று ஏஜென்ட் சொன்னால்

அம்மா, வணக்கம். "படிப்பை விட்டாலும் பரவாயில்லை, அங்கேயே வேலை பார், சில வருஷத்தில் பேப்பர் கிடைத்துவிடும்" (அதாவது, சட்டப்படி வசிக்கும் உரிமை) என்று ஏஜென்ட் உங்கள் மகனிடம் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எந்த நாடு என்று எழுதவில்லை. பதிலே அதைப் பொறுத்ததுதான்.

ஸ்பெயினில், அனுமதியின்றிச் சில வருடங்கள் வசித்தவர் அதை நிரூபித்து வசிப்புரிமை கேட்கச் சட்டத்திலேயே வழி உண்டு. ஏஜென்ட்கள் எல்லா நாட்டுக்கும் பொதுவாகச் சொல்வது இந்த மாதிரிக் கதையைத்தான். அமெரிக்கா 1986 சட்டத்தின் மூலம் சுமார் 27 லட்சம் பேருக்கு அப்படி உரிமை கொடுத்தது. ஆனால் அங்கேயே 1996-இல் வந்த சட்டப்படி, 180 நாளுக்கு மேல் சட்டவிரோதமாக இருந்துவிட்டு வெளியேறினால் 3 வருடம் திரும்ப நுழைய முடியாது. ஒரு வருடம் ஆகிவிட்டால் 10 வருடம். மாணவர்களுக்கு அந்த நாள்கணக்கு உடனே தொடங்காது என்று சமாதானம் சொல்வார்கள். ஆனால் கல்லூரியை விட்டால் ஸ்டேட்டஸ், அதாவது மாணவராகச் சட்டப்படி தங்கும் உரிமை, போய்விடும்; நாடுகடத்த அதுவே போதும்.

ஆஸ்திரேலியாவில் விசா இல்லாதவரைத் தடுப்புக்காவலில் வைக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. சிங்கப்பூரில் 90 நாளைத் தாண்டினால் சிறை; ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு.

ஏற்கெனவே விசா முடிந்திருந்தால், பிடிபடும்வரை காத்திருக்கவே கூடாது. ஜப்பானில் தானாகவே அதிகாரிகளிடம் போய் நின்று வெளியேறுபவருக்குத் தடை பொதுவாக 1 வருடம். பிடித்து நாடுகடத்தினால் 5 வருடம். பிரிட்டனிலும் சொந்தச் செலவில் கிளம்பியவருக்குத் தடைக்காலம் குறைவு. இந்த வித்தியாசம் உங்கள் பிள்ளையின் இருபதுகளையே காப்பாற்றும். பிறகு வேறு நாட்டுக்கு விண்ணப்பிக்கும்போது, "எங்காவது வெளியேற்றப்பட்டீர்களா?" என்று கேட்பார்கள். மறைக்க நினைக்காதீர்கள். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஐந்தும் குடியேற்றத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. பொய் சொன்னதாகத் தெரிந்தால் பிரிட்டன் 10 வருடம்வரை தடை போடும்.

தம்பி இன்னும் படிப்பை விடவில்லை என்றால், முதலில் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போகட்டும். பாடம் மாற்றுவது, வேறு கல்லூரிக்கு மாறுவது, உடல்நிலை காரணமாக விடுப்பு எடுப்பது எல்லாம் ஸ்டேட்டஸ் இருக்கும்போது கேட்டால்தான் எளிது. கனடா என்றால், ஸ்டேட்டஸ் போன 90 நாளுக்குள் அதை மீட்க விண்ணப்பிக்கலாம். முடிவு வரும்வரை வேலை செய்யக்கூடாது. அடுத்ததாக, உரிமம் பெற்ற குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்கட்டும்.

நாட்டின் பெயர், விசா முடியும் தேதி, கல்லூரி கடைசியாக அனுப்பிய கடிதம் மூன்றையும் எனக்கு அனுப்புங்கள். அதுவரை ஏஜென்டுக்குப் பணம் எதுவும் கட்டாதீர்கள்.